பெட்டிக்குள் மூன்று சூத்திரம், வெளியே விட்டது என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் பிளஸ் டூ வேதியியல் அயனிச் சமநிலைப் பாடத்துக்கு (அமிலமும் உப்பும் தண்ணீரில் மின்னூட்டம் உள்ள துகளாக, அதாவது அயனியாக, பிரிவதைப் பற்றிய பாடம்) 'இதை மட்டும் படித்தால் போதும்' என்ற தோரணையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. மூன்று சூத்திரங்களைப் பெட்டி கட்டிப் போட்டு, இவற்றை மனப்பாடம் செய்தால் பொதுத்தேர்விலும் நீட்டிலும் மார்க் அள்ளலாம் என்று முடித்திருந்தார்கள். மறுநாளே எங்கள் தெருப் பிள்ளைகள் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மணலியில் ஒரு தொழிற்சாலை லேபில் தண்ணீரையும் ஆசிட்டையும் சோதித்தே காலம் தள்ளியவன். ஓய்வு பெற்றபிறகு புதுவண்ணாரப்பேட்டையில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி சொல்லித் தருகிறேன். காசு வாங்குவதில்லை, ஆகவே திட்டுகிற உரிமை எனக்கு உண்டு. பிள்ளைகளைத் திட்டி அலுத்துவிட்டது, இந்தத் தடவை உங்கள் பெட்டியைத் திட்டுகிறேன்.

அந்த மூன்று சூத்திரமும் அடியோடு தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் வருவிக்கும்போது எதையோ ஒன்றை 'இது ரொம்பச் சின்னது, போகட்டும்' என்று தூக்கிப் போட்டிருக்கிறோம். எதைத் தூக்கிப் போட்டோம் என்று தெரியாதவன் கையில் அந்தச் சூத்திரம் போனால், அது எங்கே காலை வாரும் என்பது அவனுக்குத் தெரியாது. நீட்டில் கேள்வி கேட்கிறவருக்கு மட்டும் அது நன்றாகத் தெரியும். சரியாக அந்த இடத்தில்தான் கேள்வியை வைப்பார்.

முதல் பெட்டியை எடுத்துக்கொள்வோம். வலிமை மிகு அமிலம் என்றால் அதன் செறிவின் மடக்கைக்கு முன்னால் ஒரு மைனஸ் போடு, பி.எச். வந்துவிடும் என்று இருந்தது. (வலிமை மிகு அமிலம் தண்ணீரில் முழுசாகப் பிரிவது; பி.எச். என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண், பொதுவாக ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்; மோலார் என்றால் லிட்டருக்கு எத்தனை மோல் என்ற அளவு.) 10⁻² மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 2, 10⁻⁴க்கு 4, ரொம்ப சரி. 10⁻⁸க்கு? கத்தரித்து ஒட்டிய பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் எட்டு என்றார்கள். பி.எச். எட்டு என்றால் காரம்தானே அப்பா, ஆசிட்டில் தண்ணியை ஊற்றிக்கொண்டே போனால் அது சோப்புத் தண்ணியாகிவிடுமா என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தார்கள். இங்கே தூக்கிப் போட்டது தண்ணீரை. 25 டிகிரியில் சுத்தமான தண்ணீர் தன் பங்குக்கு 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனியை வைத்திருக்கிறது. அமிலம் அதைவிடப் பல மடங்கு இருக்கும்வரை தண்ணீரின் பங்கைக் கண்டுகொள்ள வேண்டாம். அமிலமே 10⁻⁸ என்று இறங்கிவிட்டால் தண்ணீர்தான் அங்கே பெரிய கை, அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட முடியாது. நீரின் அயனிப்பெருக்கத்தையும் (தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு அயனிச் செறிவுகளைப் பெருக்கி வருவது) சேர்த்து ஒரு இருபடிச் சமன்பாடு போட்டால் விடை 6.98 வரும். ஏழுக்குக் கொஞ்சூண்டு கீழே, அமிலப் பக்கமாக, இருக்க வேண்டிய இடத்தில்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழுதான் நடுநிலை என்று எல்லாரும் கல்வெட்டு மாதிரி வைத்திருக்கிறார்கள். அது 25 டிகிரிக்கு. சூடு ஏற ஏறத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிரிகிறது. 35 டிகிரியில் சுத்தமான தண்ணீரின் பி.எச். சுமார் 6.84. அது அமிலமாகிவிடவில்லை, ஹைட்ராக்சைடு அயனியும் அதே அளவு கூடியிருக்கிறது, ஆகவே நடுநிலைதான். நம்ம ஊரில் ஏ.சி. இல்லாத லேபில் 25 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில் மட்டும் கிடைக்கிற சமாச்சாரம்.

இரண்டாவது பெட்டிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அது உடைகிற அழகே தனி. வலிமை குறைந்த அமிலத்துக்கு ஹைட்ரஜன் அயனிச் செறிவு என்பது பிரிகை மாறிலியையும் (அமிலம் எவ்வளவு பிரியும் என்று காட்டும் எண்) அமிலச் செறிவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது. அசிட்டிக் அமிலத்துக்கு மாறிலி 1.8 × 10⁻⁵. 0.1 மோலார் கரைசல் என்றால் 1.34 × 10⁻³ வரும், அதாவது நூற்றுக்கு ஒன்றேகால் மூலக்கூறுதான் பிரிந்திருக்கிறது, மீதி முழுசாக இருக்கிறது. பிரிந்தது இத்துனூண்டு என்பதால் 'மீதி இருப்பது கிட்டத்தட்ட ஆரம்பத்தில் போட்டதே' என்று வைத்துக்கொண்டோம். தூக்கிப் போட்டது அதுதான். இப்போது அதே அமிலத்தை 10⁻⁵ மோலார் என்று எடுத்து அதே சூத்திரத்தில் போடச் சொன்னேன். 1.34 × 10⁻⁵ என்று எழுதி அடிக்கோடும் போட்டு நிமிர்ந்தாள் ஒரு பெண். போட்ட அமிலம் எவ்வளவும்மா என்றேன். 10⁻⁵ சார். வெளியே வந்த அயனி? அவள் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தாள். 'போட்டதைவிட அதிகமா வந்திருக்கு சார், எப்படி சார்?' கடனுக்கு வட்டி மாதிரி அயனி குட்டி போடாது. முழு இருபடிச் சமன்பாட்டைப் போட்டால் 7.2 × 10⁻⁶ வரும், நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பிரிந்துவிட்டது, பி.எச். சுமார் 5.15. நீர்க்க நீர்க்கப் பிரிகை வீதம் கூடும் என்று ஆஸ்ட்வால்டு 1888லேயே சொல்லிவிட்டார். அந்த நீர்த்தல் விதியை அதே பாடத்தில் தனித் தலைப்பாகப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஐந்து மார்க் கேட்டால் தருவிப்பார்கள். அந்த விதியும் இந்தச் சூத்திரம் உடைவதும் ஒரே விஷயம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வேறு வேறு பக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது பெட்டிக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் திருத்தம் போட்டே ஆக வேண்டும். 'கரைதிறன் பெருக்கம் குறைவாக இருந்தால் கரைதிறனும் குறைவு' என்று மொட்டையாக அச்சடித்திருக்கிறீர்கள். கரைதிறன் பெருக்கம் என்பது, உப்பு இதற்குமேல் கரையாது என்ற நிலையில் அதன் அயனிச் செறிவுகளை, அயனி எத்தனையோ அத்தனை தடவை, பெருக்கி வரும் எண். சில்வர் குளோரைடுக்கு அந்த மதிப்பு 1.8 × 10⁻¹⁰. சில்வர் குரோமேட்டுக்கு 1.1 × 10⁻¹². உங்கள் பெட்டியின்படி குரோமேட்தான் கம்மியாகக் கரைய வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குளோரைடு ஒரு லிட்டருக்கு 1.3 × 10⁻⁵ மோல், குரோமேட் 6.5 × 10⁻⁵ மோல். ஐந்து மடங்கு அதிகம் கரைகிறது. காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை, குளோரைடு இரண்டு அயனியாகப் பிரிகிறது, குரோமேட் மூன்றாகப் பிரிகிறது, ஒன்றில் வர்க்கமூலம் எடுக்கிறோம், மற்றதில் நான்கால் வகுத்துக் கனமூலம் எடுக்கிறோம். ஒரே மாதிரிப் பிரிகிற உப்புகளை மட்டும்தான் அந்த எண்ணை வைத்து நேருக்கு நேர் ஒப்பிடலாம். தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று பார்க்கும்போது கொஞ்சம் குரோமேட்டையும் சேர்த்துவைத்து, ப்யூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட்டை விட விட முதலில் வெள்ளையாகக் குளோரைடு விழுந்து முடிந்து, அப்புறம்தான் குரோமேட்டின் செங்கல் நிறம் தலைகாட்டும். மோர் முறை என்று அதற்குப் பெயர். உங்கள் பெட்டி உண்மையாக இருந்தால் வரிசை தலைகீழாகி அந்த முறையே நடக்காது. தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று நான் லேபில் பார்த்ததெல்லாம் இப்படித்தான். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிய கதை வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும், அந்த உப்பு எவ்வளவு என்று சொல்வதற்கும் இந்த வெள்ளையும் செங்கல் நிறமும்தான் கைகொடுக்கும்.

சமநிலை என்றால் எல்லாம் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அடியில் படிந்த வெள்ளை வீழ்படிவு சும்மா கிடக்கவில்லை. மின்ட் பஸ் ஸ்டாண்டில் எந்நேரமும் பார்த்தால் ஏறக்குறைய அத்தனை பஸ்தான் நிற்கும், ஆனால் காலையில் நின்ற பஸ் மத்தியானம் அங்கே இருக்காது. அதுபோல அயனி வந்து படிந்துகொண்டும் கரைந்து போய்க்கொண்டும்தான் இருக்கிறது, வேகம் இரண்டு பக்கமும் ஒன்று, அவ்வளவுதான். இது புரிந்தால் பொது அயனி விளைவை (கரைசலில் இருக்கிற அதே அயனியை வெளியிலிருந்து சேர்த்தால் பிரிவதும் கரைவதும் குறைவது) தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

உப்பு ஆய்வு செய்த எல்லாருக்கும் ஒரு மந்திரம் நினைவிருக்கும். மூன்றாம் தொகுதிக்கு (இரும்பு மாதிரி உலோகங்களை ஹைட்ராக்சைடாக விழவைத்துப் பிரிக்கும் கட்டம்) முதலில் அம்மோனியம் குளோரைடு, அப்புறம் அம்மோனியம் ஹைட்ராக்சைடு, அதாவது தண்ணீரில் கரைத்த அம்மோனியா. ஏன் முதலில் அது என்று கேட்டால் 'சார் அப்படித்தான் சொன்னார்' என்பார்கள். ஒரு கணக்கு போதும். கரைசலில் 0.1 மோலார் மெக்னீசியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெக்னீசியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் 1.8 × 10⁻¹¹, ஆகவே ஹைட்ராக்சைடு அயனி 1.3 × 10⁻⁵ஐத் தாண்டினால் அது விழ ஆரம்பிக்கும். 0.1 மோலார் அம்மோனியாவை மட்டும் ஊற்றினால் ஹைட்ராக்சைடு 1.3 × 10⁻³ வந்துவிடும், நூறு மடங்கு, மெக்னீசியமும் சேர்ந்து விழ ஆரம்பித்துத் தொகுதி குழம்பிவிடும். முன்கூட்டியே ஒரு மோலார் அம்மோனியம் குளோரைடைப் போட்டுவைத்தால் அம்மோனியம் அயனி கூட்டமாக நிற்பதால் அம்மோனியா மேற்கொண்டு பிரிய இடமில்லாமல் ஹைட்ராக்சைடு 1.8 × 10⁻⁶க்கு இறங்கிவிடும். மெக்னீசியம் கரைசலிலேயே இருக்கும். இரும்பின் ஹைட்ராக்சைடோ அந்த இத்துனூண்டு ஹைட்ராக்சைடுக்கே விழுந்துவிடும், அதன் பெருக்கம் 10⁻³⁹ அளவில். காரமும் கரைதிறனும் ஒரே சோதனைக்குழாயில் சேர்ந்து வேலை செய்வதை இதைவிட நன்றாகக் காட்ட எனக்கு வேறு இடம் தெரியவில்லை, ஆனால் இதை யாரும் கணக்காகப் போட்டுக் காட்டுவதில்லை, நேரமில்லை என்கிறார்கள். மந்திரத்தை எத்தனை தடவை எழுதி வாங்குகிறார்கள், அதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

பள்ளிக்கு வெளியே வருவோம். வயிற்றில் கோளாறு என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எக்ஸ்ரேக்கு முன்னால் வெள்ளையாகக் குழம்பு மாதிரி ஒன்றைக் குடிக்கக் கொடுப்பது உண்டு, பேரியம் மீல். பேரியம் அயனி விஷம். ஆனால் பேரியம் சல்பேட் லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம் அளவுதான் கரையும், குடித்தது குடித்தபடியே வெளியே போய்விடும். பேரியம் கார்பனேட்டும் தண்ணீரில் அப்படி ஒன்றும் கரையாது. அப்படியானால் அதையும் கொடுக்கலாமா? உங்கள் பெட்டியை நம்பினால் கொடுக்கலாம். கொடுத்தால் ஆள் போய்விடுவார். ஏனென்றால் வயிற்றில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை, ஹைட்ரோகுளோரிக் அமிலம். கார்பனேட் அயனி அந்த ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகிப் போய்விடும், அது போகப் போக இன்னும் கரையும், பேரியம் முழுக்க ரத்தத்துக்கு வழி கிடைத்துவிடும். சல்பேட் அயனிக்கு ஹைட்ரஜன் அயனி மேல் அவ்வளவு ஆசை கிடையாது, அதனால் கரைதிறன் கொஞ்சம் கூடுவதோடு சரி. பேரியம் கார்பனேட்டை எலி மருந்தாகவே போட்டிருக்கிறார்கள். 2003ல் பிரேசிலில் எக்ஸ்ரேக்கான பேரியம் சல்பேட்டில் கார்பனேட் கலந்துபோய்ப் பலர் செத்தார்கள். இதைச் சொன்ன அன்று என் வகுப்பில் செல்போனைத் தொட ஆளில்லை.

ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட்டிலும் இதே கதைதான், நல்ல விதமாக. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு சரியாகக் கரையாது, தண்ணீரில் பி.எச். பத்தரையோடு நின்றுவிடும், தொண்டை வெந்துபோகாது. வயிற்று அமிலம் ஹைட்ராக்சைடைத் தின்னத் தின்ன, தேவைக்குத் தகுந்தபடி அது மேலும் கரைந்து கொடுக்கும். கரையாததுதான் அங்கே வசதி.

அப்புறம் இந்த கேன் தண்ணீர் விவகாரம். ஒரு பையன் பள்ளியிலிருந்து பி.எச். தாள் கொண்டுவந்து வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்து, ஆறு காட்டுகிறது, ஆசிட் தண்ணியைக் குடிக்கிறோம் என்று அம்மாவைப் பயமுறுத்திவிட்டான். ஆர்.ஓ. சவ்வு பைகார்பனேட்டை நிறுத்திவிடும், கரைந்த கார்பன் டை ஆக்சைடை நிறுத்தாது, அது பாட்டுக்கு உள்ளே போய்விடும். தாங்கிப் பிடிக்கப் பைகார்பனேட் இல்லாததால் பி.எச். இறங்குகிறது. காற்றுப் படும்படி வைத்த சுத்தமான தண்ணீரே 5.6க்கு வந்துவிடும். அதில் அமிலம் என்று எவ்வளவு இருக்கிறது? நீங்கள் பிழிந்து குடிக்கிற அரை எலுமிச்சம்பழத்தின் கால் தூசு பெறாது. பி.எச். என்பது ஒன்று, எத்தனை மோல் இருக்கிறது என்பது வேறொன்று. இந்த இரண்டையும் குழப்பித்தான் 'அல்கலைன் வாட்டர்' மெஷின் விற்கிறார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த விளம்பரங்களைப் பத்திரிகைகளிலும் பார்க்கிறேன். கணக்கு இதோ: பி.எச். 9 உள்ள தண்ணீர் ஒரு லிட்டரில் ஹைட்ராக்சைடு 10⁻⁵ மோல். வயிற்று அமிலம் பி.எச். 2 என்று வைத்தால் ஒரு மில்லிலிட்டரில் ஹைட்ரஜன் அயனி 10⁻⁵ மோல். ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் ஹைட்ராக்சைடு ஒரு மில்லி வயிற்று அமிலத்தைச் சரிக்கட்டும். மெஷின் விலையை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அம்மோனியா. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூக்கத்தில் இருந்த ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீட்டை விட்டு ஓடினார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு உங்கள் மூன்று பெட்டியிலும் பதில் இல்லை: 'அம்மோனியா வலிமை குறைந்த காரம்னு போட்டிருக்கே சார், அப்புறம் ஏன் இப்படி?' 0.1 மோலார் கரைசலில் நூற்றுக்கு ஒன்றேகால்தான் பிரிகிறது, அந்த அர்த்தத்தில்தான் வலிமை குறைவு. மீதி தொண்ணூற்றெட்டுச் சொச்சமும் அம்மோனியாவாகவே நிற்கிறது, அதுதான் மூக்கைத் துளைக்கிறது. கண்ணும் தொண்டையும் ஈரம், அங்கே கரைந்து ஹைட்ராக்சைடைக் கொடுக்கும், அது செலவாகச் செலவாக மீதியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஈரத்துணியை மூக்கில் கட்டச் சொல்வதும் அது தண்ணீரில் அத்தனை நன்றாகக் கரைவதால்தான். கடல்நீரின் பி.எச். 8.1 அளவு, அம்மோனியம் அயனியின் பி.கே.ஏ. (அம்மோனியமும் அம்மோனியாவும் சரிபாதியாக நிற்கிற பி.எச்.) 9.25, ஆகவே கடலில் கரைந்ததில் பெரும்பகுதி அம்மோனியம் அயனியாக மாறிவிடும், நூற்றுக்கு ஆறேழு பங்குதான் அம்மோனியாவாக நிற்கும். மீனுக்கு முக்கியமான நஞ்சு அந்த ஆறேழு பங்குதான். பி.எச். ஒரு எண் கூடினால் அது நாற்பதைத் தொட்டுவிடும். மீனவர்கள் வாழும் காசிமேட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சொந்த விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை, இந்தப் பங்கைக் கணக்கிடுகிற ஹென்டர்சன் சமன்பாட்டை அவன் இதில் கற்றால் மறப்பானா?

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சூத்திரம் போடுங்கள், பெட்டியும் கட்டுங்கள், பெட்டிக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: இதில் எதை விட்டிருக்கிறோம், எப்போது விடக்கூடாது என்று. அடுத்ததாகத் தாங்கல் கரைசல் (கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்த்தாலும் பி.எச். அதிகம் மாறாத கரைசல்) வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள், அதில் அமிலமும் உப்பும் கணிசமான செறிவில் இருந்தால்தான் ஹென்டர்சன் சமன்பாடு நிற்கும் என்று அந்த வரி இருக்கட்டும். மூன்றாவது பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு திருத்தம், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், மாதிரித் தேர்வு ஆரம்பிப்பதற்குள் வேண்டும். சில்வர் குளோரைடு, சில்வர் குரோமேட் கணக்கை மேலே முழுசாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை-81